புகையிரதமும் வாடகை வாகனமும்: நெரிசலைத் தவிர்ப்பதற்கு ஒரு வழி

கொழும்பு மாநகரத்திற்குள் நுழைவதும் அதிலிருந்து வெளியேறுவதும் இன்று ஒரு தனிப் பயணமாகவே மாறிவிட்டன. காலி வீதி, கண்டி வீதி, ஹைலெவல் வீதி, நீர்கொழும்பு வீதி ஆகிய பிரதான வீதிகள் யாவும் காலையிலும் மாலையிலும் வாகனங்களால் நிரம்பி வழிகின்றன. யாழ்ப்பாணத்திற்கோ மட்டக்களப்பிற்கோ கண்டிக்கோ வாகனத்தில் புறப்படும் ஒரு குடும்பம், களனிப் பாலத்தைக் கடந்து களுத்துப்புறமாக ஊர்ந்து கடவத்தையைத் தாண்டுவதற்குள்ளேயே களைப்படைந்து விடுகின்றது. மீதிப் பயணத்தை அந்தக் களைப்புடனேயே சாரதி தொடர வேண்டியுள்ளது.

அதிவேக நெடுஞ்சாலைகள் இப்பிரச்சினையை ஓரளவு குறைத்துள்ளன என்பதை மறுப்பதற்கில்லை. தெற்கு அதிவேக நெடுஞ்சாலையின் முதற் கட்டம் 2011 ஆம் ஆண்டிலும், கொழும்பு - கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலை 2013 ஆம் ஆண்டிலும், மத்திய அதிவேக நெடுஞ்சாலையின் மீரிகம - குருநாகல் பகுதி 2022 ஆம் ஆண்டிலும் திறந்து வைக்கப்பட்டன. எனினும் நெடுஞ்சாலை முடிவடையும் இடத்தில் நகரத்தின் நெரிசல் ஆரம்பமாகின்றது. அதிவேகப் பாதையில் மீதப்படுத்திய நேரத்தை நகர வாயிலில் இழக்க நேரிடுவதைப் பலரும் அனுபவத்தில் அறிவர். கொழும்பிற்கெனத் திட்டமிடப்பட்ட இலகு ரயில் திட்டமும் 2020 ஆம் ஆண்டில் இரத்துச் செய்யப்பட்டது. இத்தகைய நிலையில், நாட்டில் ஏற்கெனவே உள்ள வசதிகளைக் கொண்டு பொதுமக்கள் தமது பயணத்தை எவ்வாறு இலகுபடுத்திக் கொள்ளலாம் என்பதை ஆராய்வது பயனுடையதாகும்.

நாம் இங்கு விளக்க முற்படும் முறை மிகவும் எளிமையானது. நெரிசல் மிகுந்த நீண்ட பகுதியைப் புகையிரதத்தில் கடப்பதும், புகையிரதம் செல்லாத கடைசிப் பகுதிக்கு மாத்திரம் வாடகை வாகனமொன்றைப் பெற்றுக் கொள்வதுமே அதுவாகும்.

பழைய பாதையின் பயன்

எமது நாட்டில் முதலாவது புகையிரதம் 1864 ஆம் ஆண்டின் இறுதியில் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸை வரை ஓடியது. 1867 இல் பாதை கண்டியைச் சென்றடைந்தது. மலைநாட்டின் கோப்பியைத் துறைமுகத்திற்குக் கொண்டு வருவதே அன்றைய நோக்கமாக இருந்தது. பின்னர் 1895 இல் மாத்தறைக்கும், 1905 இல் காங்கேசன்துறைக்கும், 1914 இல் தலைமன்னாருக்கும், 1924 இல் பதுளைக்கும் பாதைகள் நீண்டன. திருகோணமலையும் மட்டக்களப்பும் 1920களின் பிற்பகுதியில் இணைக்கப்பட்டன. 2019 ஆம் ஆண்டில் மாத்தறையிலிருந்து பெலியத்த வரை புதிய பாதை திறக்கப்பட்டது.

வடபகுதிப் பாதையின் வரலாறு எமது வாசகர்கள் நன்கறிந்ததே. 1956 இல் சேவையை ஆரம்பித்த யாழ்தேவி, 1990 ஆம் ஆண்டு யுத்தம் காரணமாக யாழ்ப்பாணத்திற்குச் செல்வதை நிறுத்திக் கொண்டது. கிளிநொச்சிக்கு 2013 இலும், யாழ்ப்பாணத்திற்கு 2014 ஒக்டோபரிலும், காங்கேசன்துறைக்கு 2015 ஜனவரியிலும், தலைமன்னாருக்கு அதே ஆண்டு மார்ச்சிலும் சேவை மீண்டது. ஏறத்தாழ கால் நூற்றாண்டு காலம் வீதியையே நம்பியிருந்த வடபகுதி மக்களில் பலர், புகையிரதம் மீண்ட பின்னரும் முழுப் பயணத்திற்கும் வேன் பிடிக்கும் பழக்கத்தைக் கைவிடவில்லை. அப்பழக்கத்தை மீளாய்வு செய்ய வேண்டிய காலம் இதுவெனலாம்.

புகையிரதப் பாதைக்கு நகர நெரிசல் என்பது கிடையாது. கோட்டை நிலையத்திலிருந்து புறப்படும் வண்டி பேலியகொடை, கிரிபத்கொடை, கடவத்தை, நிட்டம்புவ ஆகிய இடங்களில் வாகனங்கள் வரிசையில் நிற்கும் வேளையில் தனது தனிவழியே சென்று விடுகின்றது. புகையிரதமும் தாமதமடைவதுண்டு, இயந்திரக் கோளாறும் சமிக்ஞைக் கோளாறும் ஏற்படுவதுண்டு. ஆனால் அத்தாமதத்தின் போது பிரயாணி சுக்கானைப் பிடித்துக் கொண்டிருக்க வேண்டியதில்லை என்பதே முக்கிய வித்தியாசமாகும்.

செலவுக் கணக்கு

வேன் வாடகையின் கணக்கைப் பலர் சரிவரச் சிந்திப்பதில்லை. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் சுமார் 400 கிலோமீற்றர். கொழும்பில் ஒரு வேனை அமர்த்திச் செல்லும் குடும்பம், போக 400, வர 400 என 800 கிலோமீற்றருக்குப் பணம் செலுத்துகின்றது. குடும்பத்தை இறக்கிவிட்டு வாகனம் வெறுமையாகத் திரும்பினாலும் அந்தத் தூரம் கணக்கில் சேர்க்கப்படும். அங்கு தங்கியிருக்கும் நாட்களுக்கான காத்திருப்புக் கட்டணம், சாரதியின் உணவு, தங்குமிடம் என்பன வேறு. யாழ்ப்பாணத்தில் இறங்கிய பின்னர் நல்லூர், நயினாதீவுக்கான குறிகாட்டுவான் துறை, பருத்தித்துறை என ஓடும் தூரமோ மூன்று நாட்களிலும் 150 அல்லது 200 கிலோமீற்றரைத் தாண்டுவது அரிது. உண்மையில் வாகனம் தேவைப்படுவது இந்தச் சிறிய பகுதிக்குத்தான். ஆகவே புகையிரதத்தில் சென்று, யாழ்ப்பாண நிலையத்தில் உள்ளூர் வாகனமொன்றைப் பெற்றுக் கொள்வோர் தமக்குத் தேவையான தூரத்திற்கு மாத்திரமே பணம் செலுத்துகின்றனர்.

இதில் ஒரு விதிவிலக்கையும் நாம் குறிப்பிட்டாக வேண்டும். பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட பெரிய குடும்பமொன்று முதலாம் அல்லது இரண்டாம் வகுப்பில் ஆசனங்களைப் பதிவு செய்யுமாயின், பயணச்சீட்டுகளின் மொத்தச் செலவு வேன் வாடகையை நெருங்கக் கூடும். நோயாளரையோ பெருந்தொகைப் பொருட்களையோ கொண்டு செல்வோருக்கும் வாசலில் ஏறி வாசலில் இறங்கும் வசதி அவசியமாகலாம். இருவர் முதல் ஐவர் வரையிலான குடும்பங்களுக்கே இக்கூட்டு முறை பெரிதும் இலாபகரமானது.

கடந்த சில ஆண்டுகளின் அனுபவமும் இதற்கு ஆதரவாக உள்ளது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து 2025 இல் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி வழங்கப்படும் வரை வாகன விலைகள் சாதாரண மக்களுக்கு எட்டாத உயரத்திற்குச் சென்றன. 2022 இன் எரிபொருள் நெருக்கடியும் அதனைத் தொடர்ந்த கியூ.ஆர். பங்கீட்டு முறையும் சொந்த வாகனம் இருந்தும் பயணிக்க முடியாத நிலையை ஏற்படுத்தின. வருடத்தில் சில நாட்களே நீண்ட பயணம் செய்யும் குடும்பமொன்று அதற்காகக் கடன்பட்டு வாகனம் வாங்குவதைக் காட்டிலும் வேண்டியபோது வாடகைக்குப் பெறுவதே விவேகமானது.

உயிரின் பெறுமதி

பணத்தையும் நேரத்தையும் விடப் பாரதூரமான விடயம் ஒன்றுண்டு. இலங்கையில் வீதி விபத்துகளால் ஆண்டுதோறும் 2,000 இற்கும் மேற்பட்டோர் உயிரிழக்கின்றனர். நெரிசலைத் தவிர்ப்பதற்காக இரவு பத்து மணிக்கு மேல் புறப்பட்டு, விடிவதற்கு முன்னர் ஊரைச் சென்றடைவதே நீண்டதூர வேன் பயணங்களின் வழமையாக உள்ளது. பகல் முழுவதும் வேலை செய்த ஒருவரே பெரும்பாலும் அவ்வாகனத்தின் சாரதியாக இருக்கின்றார். அதிகாலை இரண்டு மணி முதல் ஐந்து மணி வரையிலான வேளையில் கண் அயர்வது மனித உடலின் இயல்பு. திருமணத்திற்கும் மரண வீட்டிற்கும் யாத்திரைக்கும் சென்ற குடும்பங்கள் வீதியோர மரத்திலும் நிறுத்தி வைக்கப்பட்ட லொறியிலும் மோதி அழிந்த செய்திகளை நாம் மீண்டும் மீண்டும் பிரசுரிக்க நேர்ந்துள்ளது. இரவுத் தூரத்தைப் புகையிரதத்தில் கடந்து, பகலில் குறுகிய தூரம் மாத்திரம் வாகனம் செலுத்துவதன் மூலம் இத்தகைய ஆபத்தின் பெரும்பகுதியைத் தவிர்க்க முடியும்.

எங்கு இறங்குவது?

இம்முறையின் வெற்றி, இறங்கும் நிலையத்தைச் சரியாகத் தெரிவு செய்வதிலேயே தங்கியுள்ளது. செல்ல வேண்டிய இடத்திற்கு மிக அண்மையிலுள்ள நிலையமே எப்போதும் சிறந்ததாக அமைவதில்லை. நகரத்தின் நெரிசலுக்குள் சிக்காமல் வாகனம் எடுத்துச் செல்லக் கூடிய நிலையமே உகந்தது.

வடக்கிலிருந்து வெளிநாடு செல்வதற்காகவோ உறவினரை வரவேற்பதற்காகவோ கட்டுநாயக்க விமான நிலையம் வருவோர் கோட்டை வரை வரவேண்டிய அவசியமில்லை. வெயாங்கொடையிலோ கம்பஹாவிலோ இறங்கி, மினுவாங்கொடை வழியாக வாடகை வாகனத்தில் சென்றால் கொழும்பு நகரத்தைத் தொடாமலேயே விமான நிலையத்தை அடையலாம். தாம் ஏறும் கடுகதி வண்டி அந்நிலையத்தில் தரிக்கின்றதா என்பதை முன்கூட்டியே உறுதி செய்து கொள்ள வேண்டும். வடக்கிலிருந்து கண்டிப் பக்கம் செல்வோருக்குப் பொல்கஹவெல சந்தி நிலையமே மாறுமிடமாகும். மாவனெல்லைக்குச் செல்வோர் ரம்புக்கணையில் இறங்கினால், நிட்டம்புவ முதல் கேகாலை வரையிலான கண்டி வீதி நெரிசல் முழுவதையும் தவிர்த்து விடலாம்.

கிழக்கு மாகாணத்திலும் இதே நிலைதான். புகையிரதப் பாதை மட்டக்களப்புடன் முடிவடைகின்றது. காத்தான்குடி மட்டக்களப்பு நகரை அடுத்தே உள்ளது. கல்முனை சுமார் 40 கிலோமீற்றரிலும் அக்கரைப்பற்று சுமார் 65 கிலோமீற்றரிலும் அமைந்துள்ளன. பொத்துவில், அறுகம்குடா என்பன அதற்கும் அப்பால் உள்ளன. கரையோர மக்கள் நெடுங்காலமாக வேண்டி நிற்கும் பாதை நீடிப்பு நிறைவேறும் வரை, மட்டக்களப்பு நிலையத்தில் வாகனம் பெறுவதே அவர்களுக்குரிய வழியாகும். ஏறாவூர், ஓட்டமாவடி, வாழைச்சேனை மக்களுக்கோ நிலையம் ஊருக்குள்ளேயே அல்லது ஊருக்கு அண்மையிலேயே இருக்கின்றது.

மடுத் திருத்தலத்தின் ஆவணித் திருவிழாவிற்குச் செல்வோர் தலைமன்னார் பாதையில் மடு வீதி நிலையத்தில் இறங்கலாம். தர்கா நகருக்கு அளுத்கம நிலையமும், கதிர்காமத்திற்கு மாத்தறை அல்லது பெலியத்த நிலையமும் பொருத்தமானவை. நுவரெலியாவிற்குச் செல்வோர் நானுஓயாவிலும், சிவனொளிபாதமலைக்குச் செல்வோர் ஹற்றனிலும் இறங்கி வாகனம் பெறுவது வழக்கம்.

மலையகப் பாதை குறித்து ஓர் எச்சரிக்கை அவசியமாகும். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியின் வெள்ளமும் மண்சரிவும் நாட்டின் புகையிரதப் பாதைகளுக்குப் பெருஞ்சேதத்தை விளைவித்தன. அவற்றுள் மலையகப் பாதைக்கு நேர்ந்த பாதிப்பே மிகக் கடுமையானது. ஆகவே மலைநாட்டுக்குச் செல்வோர், தமது பயண தினத்தில் எந்த நிலையம் வரை சேவை நடைபெறுகின்றது என்பதைக் கேட்டறிந்த பின்னரே பதிவுகளைச் செய்ய வேண்டும். புகையிரதம் செல்லும் எல்லை வரை அதில் சென்று, எஞ்சிய தூரத்திற்கு வாகனம் பெறும் இம்முறை அத்தகைய சந்தர்ப்பங்களிலும் கைகொடுக்கும். மலைவீதிகளில் மழைக்காலத்தில் அப்பாதையை அறிந்த உள்ளூர்ச் சாரதியுடன் செல்வதே பாதுகாப்பானது.

கொழும்பிற்குள்ளும் இதே தத்துவம் பொருந்தும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி ஆகியவற்றிற்குக் கரையோரப் பாதையும், நாரஹேன்பிட்டி, நுகேகொடை, மஹரகம ஆகியவற்றிற்குக் களனிவெளிப் பாதையும் உள்ளன. மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குத் தூர இடங்களிலிருந்து வருவோர் கோட்டையிலோ மருதானையிலோ வண்டி மாறி மஹரகம நிலையத்தில் இறங்கினால், ஹைலெவல் வீதியின் காலை நெரிசலில் நோயாளரை வதைக்க வேண்டியதில்லை. அங்கிருந்து முச்சக்கரவண்டிக்குச் சிறிய தூரமே எஞ்சும்.

ஆசனமும் நேரமும்

நீண்டதூரப் புகையிரதங்களில் ஆசனங்களை 30 நாட்களுக்கு முன்னரே பதிவு செய்யலாம். நிலையங்களில் மாத்திரமன்றி இணையத்தின் ஊடாகவும் இவ்வசதி உண்டு. பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, வெசாக், நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள், நல்லூர்த் திருவிழா, தீபாவளி, நத்தார் ஆகிய காலங்களில் பதிவு ஆரம்பித்த சிறிது நேரத்திலேயே ஆசனங்கள் தீர்ந்து விடுகின்றன. அக்காலங்களில் வாடகை வாகனங்களுக்கும் தட்டுப்பாடு நிலவுவதால் இரண்டையும் ஒரே வேளையில் உறுதி செய்வது நன்று. இடைத்தரகரிடம் கூடிய விலைக்குப் பயணச்சீட்டு வாங்குவதை அடியோடு தவிர்க்க வேண்டும். பதிவு செய்தவரின் அடையாள அட்டையைப் பயணத்தின்போது உடன் வைத்திருப்பதும் அவசியம். சேவை நேரங்களை அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919 என்ற இலக்கத்தில் கேட்டறியலாம்.

வாகனத்தைப் புகையிரதம் வந்து சேரும் நேரத்திற்கே வரச் சொல்வது உசிதமானதன்று. குறைந்தது ஒரு மணித்தியால இடைவெளி வைத்துக் கொள்ள வேண்டும். உதாரணமாக, மட்டக்களப்புப் பாதையில் கல்ஓயாவை அண்டிய காட்டுப் பகுதியில் யானைகள் தண்டவாளத்தைக் கடக்கின்றன. 2025 பெப்ரவரியில் மட்டக்களப்பிலிருந்து கொழும்பு நோக்கி வந்த வண்டியொன்று மோதி ஆறு யானைகள் இறந்தன. இத்தகைய இடங்களில் வேகத்தைக் குறைத்துச் செல்வது இன்றியமையாதது. அதனால் ஏற்படும் தாமதத்தைப் பிரயாணி முன்கூட்டியே கணக்கிற் கொள்ள வேண்டும். புறப்படும் வேளையில் ஒரு முறையும், இறங்குவதற்கு இரண்டு நிலையங்களுக்கு முன்னர் ஒரு முறையும் சாரதிக்குத் தொலைபேசியில் அறிவித்தால் போதுமானது.

வாகனத்தைப் பெறும்போது

வாடகை வாகனங்கள் இரு வகைப்படும். சாரதியுடன் பெறுவது ஒன்று. தாமே செலுத்துவதற்குப் பெறுவது மற்றையது. பழக்கமற்ற ஊரில் முன்னையதும், பழகிய ஊரில் பின்னையதும் உகந்தவை. பிக்மீ, ஊபர் போன்ற கைத்தொலைபேசிச் சேவைகள் கொழும்பிலும் பிரதான நகரங்களிலும் குறுந்தூரத்திற்குப் பயன்பட்ட போதிலும், சிறிய நிலையங்களில் அவற்றை நம்பி இறங்குவது பொருத்தமற்றது.

தாமே செலுத்துவதற்கு வாகனம் பெறுவோர் பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும். முதலாவதாக, வாகன வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதிச் சான்றிதழும் நடைமுறையில் உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். சொந்தப் பாவனைக்கென மாத்திரம் காப்புறுதி செய்யப்பட்ட வாகனத்தை வாடகைக்கு எடுத்து விபத்து நேருமாயின், காப்புறுதி நிறுவனம் நட்டஈட்டை மறுக்கக் கூடும். ஆகவே அக்காப்புறுதி வாடகைப் பாவனையையும் உள்ளடக்கியதா என்று எழுத்தில் உறுதி பெறுவது அத்தியாவசியமாகும். இரண்டாவதாக, நாளொன்றுக்கு அனுமதிக்கப்படும் தூரத்தையும் அதற்கு மேற்படும் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் அறவிடப்படும் தொகையையும் அறிந்து கொள்ள வேண்டும். நாளுக்கு 100 கிலோமீற்றர் என்ற எல்லை பரவலாக உள்ளது. மூன்றாவதாக, வாகனத்தின் கீறல்கள், நெளிவுகள், எரிபொருள் மட்டம், ஓடிய தூரம் என்பவற்றைப் பொறுப்பேற்கும் வேளையிலேயே கைத்தொலைபேசியில் படம் பிடித்து வைக்க வேண்டும். மேலதிக சில்லும் ஜக்கும் உள்ளனவா எனப் பார்க்கவும் மறத்தலாகாது. நான்காவதாக, வைப்புப் பணத்திற்குப் பற்றுச்சீட்டுப் பெற வேண்டும். அடையாள அட்டையின் பிரதியைக் கொடுக்கலாம்; மூலத்தைப் பிணையாக ஒப்படைப்பது பிற்காலச் சிக்கல்களுக்கு இடமளிக்கும்.

வெளிநாடுகளிலிருந்து வரும் எமது உறவுகள் தமது நாட்டுச் சாரதி அனுமதிப்பத்திரத்தை மாத்திரம் வைத்துக் கொண்டு இங்கு வாகனம் செலுத்த முடியாது. அதற்கு இலங்கையில் செல்லுபடியாகும் அங்கீகாரம் அல்லது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் தற்காலிக அனுமதிப்பத்திரம் தேவை. அதனைப் பெறாமல் செலுத்துவோருக்கு விபத்தின்போது காப்புறுதியின் பாதுகாப்பும் கிட்டாது. வலப்பக்கமாக வாகனம் செலுத்திப் பழகியவர்கள் முதல் இரண்டு நாட்களாவது சாரதி ஒருவரை அமர்த்திக் கொள்வதே நன்று.

அதிகாரிகளின் கடமை

பொதுமக்கள் தமது பங்கைச் செய்யினும், இம்முறை பரவலாவதற்கு அரசின் ஒத்துழைப்பு இன்றியமையாதது. இறங்கும் பிரயாணியைச் சூழ்ந்து கொண்டு வாயில் வந்த கட்டணத்தைக் கேட்கும் நிலை எமது நிலையங்கள் பலவற்றின் வாயில்களில் இன்றும் காணப்படுகின்றது. மொழி தெரியாதவர்களும் தனித்துப் பயணிக்கும் பெண்களும் முதியவர்களுமே இதனால் பெரிதும் பாதிக்கப்படுகின்றனர். பிரதான நிலையங்கள் ஒவ்வொன்றிலும் பதிவு செய்யப்பட்ட வாடகை வாகனத் தரிப்பிடமும், கிலோமீற்றர் கட்டணத்தை மும்மொழிகளிலும் காட்டும் பலகையும் அமைக்கப்பட வேண்டும். தாமத அறிவித்தல்கள் தமிழிலும் தெளிவாக ஒலிக்க வேண்டும். சொந்த வாகனத்தை நிலையத்தில் நிறுத்திவிட்டுப் புகையிரதத்தில் செல்ல விரும்புவோருக்குக் காவலுடன் கூடிய தரிப்பிடங்கள் தேவை. சக்கர நாற்காலியில் வருவோர் வண்டியில் ஏற முடியாதவாறு பல மேடைகள் தாழ்ந்தே உள்ளன.

இவை நிறைவேற்ற முடியாத கோரிக்கைகள் அல்ல. 2019 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மாகும்புர பல்நோக்குப் போக்குவரத்து மத்திய நிலையத்தில் அதிவேக நெடுஞ்சாலைப் பஸ் சேவையும் களனிவெளிப் புகையிரதமும் வாகனத் தரிப்பிடமும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. கொழும்பின் தெற்கு வாயிலில் சாத்தியமான ஒன்று வெயாங்கொடையிலும் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் அளவிற்கேற்பச் சாத்தியமாக வேண்டும். புதிய வீதிகளுக்குச் செலவிடும் தொகையோடு ஒப்பிடுகையில் இதற்கான செலவு மிகச் சொற்பமே.

புகையிரதத் திணைக்களமும் மாகாண சபைகளும் உள்ளூராட்சி மன்றங்களும் இவ்விடயத்தில் ஒன்றிணைந்து செயற்பட வேண்டுமென நாம் வலியுறுத்துகின்றோம். அதுவரை, அடுத்த பெருநாளுக்கோ திருவிழாவுக்கோ ஊர் செல்லத் திட்டமிடும் வாசகர்கள் வேன்காரரை அழைப்பதற்கு முன்னர் புகையிரத நேர அட்டவணையை ஒரு தடவை புரட்டிப் பார்ப்பார்களாக.